பரிசு இல்லாத விழா

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். சினிமா விழா என்று சொன்னால் இன்றைக்கு நம் எல்லோருக்கும் கண்முன் வருவது சிவப்புக் கம்பளம், கேமரா வெளிச்சம், யாருக்கு விருது கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற சண்டை. நான் இன்று பேசப்போகும் விழாவில் விருதே கிடையாது. போட்டி இல்லை, நடுவர்கள் இல்லை, தங்கம் வெள்ளி எதுவும் இல்லை. 1952 ஜனவரி 24ஆம் தேதி பம்பாயில் நியூ எம்பயர் தியேட்டரில் தொடங்கிய இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா அது. ஆசியாவிலேயே அதுதான் முதல் சர்வதேசத் திரைப்பட விழா என்பார்கள்.

அந்த நேரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஆறரை வருடம்தான் ஆகியிருந்தது. நாட்டில் முதல் பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்தது, பல ஊர்களில் ஓட்டுப்பெட்டி இன்னும் எண்ணி முடியவில்லை. ரேஷன், அரிசிப் பஞ்சம், அகதிகள் பிரச்சினை என்று அரசாங்கத்துக்குத் தலைக்கு மேல் வேலை. அதற்கு நடுவே மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன், பிரதமர் நேருவின் ஆதரவோடு, 23 நாடுகளிலிருந்து சுமார் 40 முழுநீளப் படங்களையும் 100 குறும்படங்களையும் வரவழைத்தது. ரஷ்யா 'பெர்லின் வீழ்ச்சி'யை அனுப்பியது. அமெரிக்கக் குழுவில் இயக்குநர் பிராங்க் காப்ரா நேரிலேயே வந்தார். நம் பக்கத்திலிருந்து ராஜ் கபூரின் 'ஆவாரா', தெலுங்கில் 'பாதாள பைரவி', மராத்தியில் 'அமர் பூபாளி', வங்காளத்தில் 'பாப்லா'.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இந்த விழா பம்பாயோடு நிற்கவில்லை. அங்கே பிப்ரவரி 1ஆம் தேதி முடிந்த பிறகு சென்னைக்கும் டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்தது. ஆமாம், விழாவே ஊர் ஊராக வந்தது. ரயிலேறிப் போய்ப் படம் பார்க்க வசதியில்லாத துணை இயக்குநருக்கும், எடிட்டிங் அறையில் வேலை பார்க்கிற பையனுக்கும், சும்மா சினிமாப் பைத்தியமாக இருந்த கல்லூரி மாணவனுக்கும் இத்தாலியும் ஜப்பானும் பிரான்ஸும் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டன. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: படம் ஊருக்கு வந்தது, அதனால்தான் பிறகு நடந்ததெல்லாம் நடந்தது.

அந்தப் படங்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1948இல் வந்த இத்தாலியப் படம். ரோம் நகரத்தில் வேலையில்லாத ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டுகிற வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. வீட்டிலிருக்கிற படுக்கைத் துணிகளை அடகு வைத்து, ஏற்கெனவே அடகிலிருந்த சைக்கிளை மீட்டுக்கொண்டு வருகிறான். முதல் நாளே அது திருடு போகிறது. அப்புறம் அவனும் அவன் சின்ன மகனும் ஊர் முழுக்கச் சைக்கிளைத் தேடி அலைகிறார்கள். கதை இவ்வளவுதான். கதாநாயகனாக நடித்தவர் நடிகரே இல்லை, ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. செட் போட்டு எடுக்காமல் பெரும்பகுதி தெருவிலேயே எடுத்தார்கள். அடகுக்கடைக்குப் போய்வந்த குடும்பத்தில் பிறந்த யாருக்கும் இந்தப் படத்துக்கு விளக்கம் தேவைப்படாது, மொழி தெரியாவிட்டாலும் சரி.

இந்திப் பட இயக்குநர் பிமல் ராய் இந்தப் படத்தை அந்த விழாவில் பார்த்தார். நாம் ஏன் இப்படி ஒரு படம் எடுக்கக் கூடாது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து வந்ததுதான் 1953இன் 'தோ பீகா ஜமீன்'. நிலத்தைக் காப்பாற்றக் கல்கத்தாவுக்கு வந்து ரிக்‌ஷா இழுக்கும் விவசாயியின் கதை. விவசாயியாக நடித்த பால்ராஜ் சஹானி அதற்காகக் கல்கத்தாத் தெருவில் உண்மையாகவே ரிக்‌ஷா இழுத்துப் பழகினார். அடுத்த வருடம் கான் திரைப்பட விழாவில் அதற்குச் சர்வதேசப் பரிசு கிடைத்தது. பரிசு தராத ஒரு விழாவில் போட்ட விதை, பரிசு தருகிற விழாவில் போய்க் காய்த்தது.

சரி, இரண்டாவது படம். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்'. இங்கேதான் நம் தமிழ்நாட்டுக் கதை வருகிறது, இங்கே நான் கொஞ்சம் நின்று பேசத்தான் போகிறேன்.

முதலில் ஒன்று. இந்தியாவும் ஜப்பானும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1952 ஜூன் மாதம். விழா தொடங்கியது ஜனவரியில். ஒப்பந்தத்துக்கு முன்பே சினிமா வந்துவிட்டது. சென்னைக்காரர்களுக்கு ஜப்பான் என்றால் வெறும் பேர் இல்லை. 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் சென்னையின் மேல் குண்டு போட்டது, அந்த இரவைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டவர்கள் இன்றும் இருப்பார்கள். அதே ஜப்பானிலிருந்து, போர் முடிந்த சில வருடங்களில், உண்மை என்றால் என்ன என்று கேட்கிற ஒரு படம் வருகிறது. காட்டில் ஒரு சாமுராய் செத்துக் கிடக்கிறான். கொள்ளைக்காரன் ஒன்று சொல்கிறான், செத்தவனின் மனைவி வேறொன்று சொல்கிறாள், செத்தவனின் ஆவி கூட ஒரு கதை சொல்கிறது, மரம் வெட்டுகிறவன் இன்னொன்று சொல்கிறான். யார் சொல்வதும் மற்றவர் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வாங்கிய படம்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு திரைப்பட விழாவில் இந்தப் படத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் எஸ். பாலச்சந்தர். வீணை பாலச்சந்தர் என்றால் உங்களுக்கு உடனே தெரியும். அப்போது அவருக்கு இருபதுகளின் நடு வயது. படத்தைப் பார்த்துவிட்டு அவர் அதே பாணியில் ஒரு நாடகம் எழுதினார். எழுதி எங்கே கொடுத்தார் தெரியுமா? அகில இந்திய வானொலிக்கு. வானொலி அதைத் திருப்பி அனுப்பிவிட்டது. சோதனை முயற்சியாக அளவுக்கு மீறிப் போகிறது என்று நினைத்தார்களாம்.

வானொலியில் பேசிக்கொண்டே இதைச் சொல்கிறேன் என்பதால் இன்னும் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒரே சம்பவத்தை ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வது வானொலிக்கென்றே செய்தது போன்ற வடிவம். முகம் தெரியாது, குரல் மட்டும்தான். பொய் சொல்கிறவர் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை, குரலில் வருகிற தயக்கத்தை வைத்து நீங்களே முடிவு செய்ய வேண்டும். அந்த நாடகம் அன்று ஒலிபரப்பாகியிருந்தால் தமிழ் வானொலி நாடகம் எங்கே போயிருக்கும் என்று எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. இன்றும் தாமதமாகிவிடவில்லை, யாராவது ஒரு நிலையம் இதைச் செய்ய வேண்டும்.

ஆனால் பாலச்சந்தர் விடவில்லை. ஏ.வி.எம். நிறுவனத்தின் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் போய்க் கதையைச் சொன்னார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை வசனம் எழுதினார். 1954 ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி 'அந்த நாள்' வெளியானது.

இந்தப் படத்தில் பாட்டு இல்லை. நடனம் இல்லை. சண்டைக் காட்சி இல்லை. அன்றைய தமிழ் சினிமாவில் பாட்டில்லாத படம் என்றால் சாம்பார் இல்லாத கல்யாணச் சாப்பாடு மாதிரி, பந்தியில் உட்கார்ந்தவர் எழுந்து போய்விடுவார். அதை எடுத்தவர் யார்? இசைக்கலைஞர். வாழ்நாள் முழுக்க வீணையோடு வாழ்ந்த மனிதர், இந்தக் கதைக்குப் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தார். இசை தெரிந்தவருக்குத்தான் எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும் என்பது என் எண்ணம்.

கதை சென்னையில், குண்டு விழுந்த அந்த 1943 அக்டோபரில் நடக்கிறது. மறுநாள் காலை ராஜன் என்ற ரேடியோ என்ஜினியர் தன் வீட்டில் சுடப்பட்டுக் கிடக்கிறான். ரேடியோ என்ஜினியர், கவனியுங்கள்! ஏழை வீட்டிலும் ரேடியோ இருக்க வேண்டும், விலை குறைவாக ஒன்றைச் செய்ய வேண்டும் என்று கனவு கண்டவன். வானொலி வேண்டாமென்ற கதையின் நாயகனுக்கு வானொலிதான் உயிர். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு நாட்டியக்காரி என்று ஒவ்வொருவராக சி.ஐ.டி. அதிகாரி விசாரிக்கிறார். அந்த அதிகாரியாக நடித்தவரும் ஜாவர் சீதாராமன்தான். மாருதி ராவின் ஒளிப்பதிவில் முகத்தில் பாதி வெளிச்சம் பாதி இருட்டு. மனைவியாகப் பண்டரிபாய்.

ராஜனாக முதலில் கல்கத்தாவிலிருந்து வந்த விஸ்வநாதன் என்ற பேராசிரியரை வைத்து எடுத்தார்கள். செட்டியாருக்குத் திருப்தி வரவில்லை. பிறகு சிவாஜி கணேசனைப் போட்டு மறுபடியும் எடுத்தார்கள். 'பராசக்தி'யில் சிவாஜி அறிமுகமானது 1952 தீபாவளிக்கு, நம் விழா நடந்த அதே வருடம். நாட்டையே கலக்கிய வசனங்களைப் பேசி வந்தவர் அடுத்த இரண்டே வருடத்தில், முதல் காட்சியிலேயே சுடப்பட்டுச் சாகிற, நல்லவன் என்று சொல்ல முடியாத ஒரு பாத்திரத்தை ஏற்றுக்கொண்டார். இன்று முன்னணியில் இருப்பவர்களில் எத்தனை பேர் செய்வார்கள்?

யார் சுட்டது என்று சொல்ல மாட்டேன். பார்க்காதவர்கள் பாருங்கள்.

படம் வந்தபோது ஓடவில்லை. பாட்டு எங்கே என்று கேட்டார்கள். தேசிய விருதுகளில் தமிழின் இரண்டாவது சிறந்த படம் என்ற தகுதிச் சான்றிதழ் வந்த பிறகு மறுபடி திரையிட்டபோதுதான் கவனிப்பு கிடைத்தது. ராஷோமோனின் நகல் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதமில்லை. குரோசாவா கடைசிவரை உண்மையைக் கையில் கொடுக்க மறுக்கிறார். பாலச்சந்தரின் படத்தில் விசாரணை ஒரு முடிவுக்கு வருகிறது. ஒருவர் தத்துவக் கேள்வி கேட்கிறார், இன்னொருவர் போர்க்காலத்துச் சென்னையில் தேசம் பெரிதா குடும்பம் பெரிதா என்று கேட்கிறார். வடிவத்தை வாங்கிக்கொண்டு கேள்வியை நம்முடையதாக மாற்றினார், அதற்குத்தான் வெளிநாட்டுப் படம் பார்ப்பது.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். கல்கத்தாவைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். சத்யஜித் ராய் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தை 1950லேயே லண்டனில் பார்த்துவிட்டார், விழா கல்கத்தாவுக்கு வந்த அதே 1952இன் அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யின் முதல் காட்சியை எடுத்தார். அப்புறம், இந்தியாவின் இரண்டாவது சர்வதேச விழா நடக்க 1961 ஆகிவிட்டது. மூன்றாவது விழாவில், 1965இல்தான் போட்டியும் தங்க மயில் விருதும் வந்தன. இப்போது விழா கோவாவிலேயே நிலையாக நடக்கிறது. அதில் திரையிடும் படங்களில் பத்தையாவது பிறகு மதுரைக்கும் திருச்சிக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்ப வேண்டும். 1952இல் முடிந்தது, பெட்டி பெட்டியாகப் பிலிம் சுருளைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில் முடிந்தது, இன்று முடியாதா? நன்றி, வணக்கம்.