பள்ளி லேப்பை நாலரை மணிக்கு ஏன் பூட்டுகிறோம்?

(திருப்பூரில் ஒரு மாநகராட்சி மேல்நிலைப் பள்ளியின் முன்னாள் மாணவர் கூட்டத்தில் பேசியது. மேடையில் நேரம் இல்லாமல் விட்ட சிலதையும் சேர்த்திருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கிற மதிப்பிற்குரிய மண்டலத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கிற எங்கள் வார்டு கவுன்சிலர் அக்கா அவர்களே, இந்தப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்த ஏற்றுமதியாளர் அண்ணன் அவர்களே, பள்ளியைத் தன் வீடாக நினைக்கிற தலைமை ஆசிரியர் அம்மா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் அவர்களே, அரிமா சங்க நண்பர்களே, ஷாமியானாவும் நாற்காலியும் வாடகை வாங்காமல் போட்டுக் கொடுத்த, இந்தப் பள்ளியிலேயே என் பெஞ்சில் உட்கார்ந்து படித்த மாப்பிள்ளையே! யார் பேராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் ஒருத்தரை விட்டுவிட்டு, அவர் தை நோம்பி வரைக்கும் என்னிடம் பேசவில்லை. மண்டலத் தலைவருக்கு இன்னும் ரெண்டு கூட்டம் இருக்கிறதாம், இருந்தும் ஏழு மணி என்றதற்கு ஆறே முக்காலுக்கே வந்துவிட்டார். அதற்காகவே ஒருமுறை கை தட்டலாம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, நகரத்துப் பிள்ளைகள் படிப்பை விடாமல் முடிப்பதும், கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலைக்குத் தயாராவதும். இதில் நாலு விஷயம் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, பிள்ளைகள் எந்த இடத்தில் நழுவுகிறார்கள். ரெண்டு, நழுவினவர்களை எப்படித் திரும்பக் கொண்டுவருவது. மூன்று, பொம்பளைப் பிள்ளைகளுக்கென்று இருக்கிற தனிச் சிக்கல். நாலு, கம்பெனிக்காரர்கள் நாம் என்ன செய்ய வேண்டும்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். எங்கள் அப்பாரு தினமும் சொல்வார், காட்டை விற்றுவிட்டு டவுனுக்கு வந்த பிறகும் சொல்வார். இந்தப் பேச்சில் நானும் அதை நாலைந்து தரம் சொல்லுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் விஷயம். கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் வந்தது. அது 6 வயது முதல் 14 வயது வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள், அதுவும் 14 வயதுக்குக் கீழேதான் முழுத் தடை, அதற்கு மேல் 18 வரைக்கும் ஆபத்தான வேலையில் மட்டும் சேர்க்கக் கூடாது என்கிறது. பத்தாவது எழுதுகிற பிள்ளைக்கு வயது 15. அதாவது ரெண்டு சட்டமும் கையை விடுகிற இடத்தில் கொண்டுபோய் நாம் பொதுத்தேர்வை வைத்திருக்கிறோம். மே மாதம் ரிசல்ட் வருகிறது. ஒரு பாடத்தில் 35 எடுக்கவில்லை. பையன் ரெண்டு நாள் வீட்டில் படுத்துக் கிடப்பான், மூணாவது நாள் பக்கத்து வீட்டு அண்ணன் பனியன் கம்பெனிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அவர் கெட்டவர் இல்லை, நல்லது செய்வதாகத்தான் நினைக்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் கையில் சம்பளம். அந்தக் கவரை அம்மா கையில் கொடுத்த பிறகு எந்தப் பையன் திரும்பப் பள்ளிக்கூடம் வருவான்?

அரசாங்கம் சும்மா இல்லை, அதையும் சொல்ல வேண்டும். பெயிலான பிள்ளைக்கு அதே வருஷம் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ துணைத்தேர்வு வைக்கிறார்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்க்கையும் அதையொட்டித்தான் நடக்கிறது. 2022இல், பிள்ளைகளுக்கு வேலைத் திறமையும் மேற்படிப்புக்கு வழியும் சொல்லிக் கொடுக்கிற நான் முதல்வன் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்த பொம்பளைப் பிள்ளைகள் மேலே படித்தால் மாசம் ஆயிரம் ரூபாய், அது புதுமைப் பெண். பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட் 9ஆம் தேதி பக்கத்தில் கோயம்புத்தூரில்தான் தொடங்கி வைத்தார்கள். ஐடிஐ, டிப்ளமா படித்தாலும் அந்த ஆயிரம் உண்டு. ஆனால் இதில் பெரும்பாலானதுக்கு முதலில் பாஸ் பண்ணியிருக்க வேண்டும். ஆறு மார்க் குறைந்த பையனுக்கு இதில் பல கதவுகள் திறக்காது. துணைத்தேர்வுக்குப் பணம் கட்டக் கொடுப்பது சில நாள்தான், பையன் அந்த நேரத்தில் கம்பெனியில் இருப்பான், தேதி போனதே அவனுக்குத் தெரியாது. ஆடிப்பட்டம் தேடி விதை. ஆடி பிறந்த பிறகு அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிப் பிரயோஜனம் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பையன் கதையைச் சொல்லியாக வேண்டும். பேர் வேண்டாம், இன்றைக்கு இந்தக் கூட்டத்திலேயே எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான்.

கணக்கில் 29. நானும், நம் பி.டி. வாத்தியாரும், எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்துச் செயலாளரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலம்பாளையம் பக்கம் அவன் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போனோம். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா சாயப்பட்டறையில் நைட் ஷிப்ட், அம்மா செக்கிங். நாங்கள் மூன்று பேரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் நின்றதும், வாசலில் இருந்த பாட்டி, "ஓட்டெல்லாம் போட்டாச்சுய்யா" என்றார். "பாட்டி, நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறோம்" என்றால், "அப்ப சீட்டுக்காசு இல்லையே?" என்று ஒருதரம் உறுதி பண்ணிக்கொண்டுதான் உள்ளே விட்டார். பையனைக் காணோம். எங்கே என்றால் தெரியாது என்கிறார்கள். பத்து நிமிஷம் பேசிக்கொண்டே இருக்கிறோம், பி.டி. வாத்தியார் உட்கார்ந்திருந்த கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தும்மல்! வாத்தியார் விசில் அடித்தால் ஓடுகிற பையன், வாத்தியார் குரலைக் கேட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

சரி, வெளியே எடுத்து உட்கார வைத்தாயிற்று. படிப்பின் அருமையைச் செயலாளர் அரை மணி நேரம் பேசினார். எல்லாத்தையும் கேட்ட அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டது. "அண்ணா, இவன் ஒரு மாசம் படிக்கட்டும். இந்தச் சனிக்கிழமைக்கு நீங்க என்ன சொல்றீங்க?" வீட்டு வாடகை, மளிகைக் கணக்கு எல்லாம் சனிக்கிழமையில்தான் நிற்கிறது. மாசம் ஆயிரம் வரும் என்று சொன்னோம். ஆயிரம் அவனுக்கு ஒரு வாரம்கூடக் காணாது என்றது. நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறக்கவில்லை. படிப்பைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தச் சனிக்கிழமைக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அப்புறம் கம்பெனி ஓனரைப் போய்ப் பார்த்தோம். ஷிப்மெண்ட் நேரம், கைமடிக்கு, அதாவது பீஸ் மடித்துக் கொடுக்கிற வேலைக்கு, ஆள் இல்லை, பையனை விட முடியாது என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நல்ல டீ. அதோடு விட்டிருப்போம். அந்த வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு அங்கே பேக்கிங் நடக்கிறது. ஆர்டர் எஸ் ஒன்று, எம் ரெண்டு, எல் ரெண்டு, எக்ஸ்எல் ஒன்று என்கிற கணக்கு, ஒரு பெட்டிக்கு 24 பீஸ். மடித்துக்கொண்டிருந்த நம்ம பையன் பேக்கிங் லிஸ்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, எல் எட்டு வரணும், இதுல ஆறுதான் போட்டிருக்கு, எக்ஸ்எல் ரெண்டு கூட இருக்கு" என்கிறான். சூப்பர்வைசர் போடா என்றிருக்கிறார். 150 பெட்டி. பெட்டிக்கு ரெண்டு என்றால் 300 பீஸ் சைஸ் மாறிப் போயிருக்கும், சரக்கு வாங்குகிற பையர் சும்மா விடுவானா? ஓனரே வந்து பிரித்து எண்ணிப் பார்க்கிறார், பையன் சொன்னதுதான் சரி. "யாருடா நீ?" "கைமடிங்ணா." "என்ன படிச்சிருக்கே?" "பத்தாவதுங்ணா. கணக்குல பெயிலுங்ணா."

(கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று.)

மறுநாள் காலையில் ஓனரே எனக்குப் போன் அடித்தார். பரீட்சை வரைக்கும் அரை நாள் வேலை, முழுச் சம்பளம். விகிதக் கணக்கை அட்டைப்பெட்டி வைத்தே பி.டி. வாத்தியார் சொல்லிக் கொடுத்தார், ஆமாம், பி.டி. வாத்தியார்தான். துணைத்தேர்வில் 41. இப்போது பாலிடெக்னிக்கில் ரெண்டாம் வருஷம். அதே லைன் வீட்டில் இன்னொரு பையன் இருந்தான், அவனுக்கு 32. அவனுடைய ஓனர் நாங்கள் அடித்த போனையே எடுக்கவில்லை. அவன் இப்போது ஓவர்லாக் மெஷினில் தையல் அடிக்கிறான், நன்றாக அடிக்கிறான், ஆனால் அவனை யாரும் மேடையில் கதையாகச் சொல்ல மாட்டார்கள்.

இனி வேலைத் திறமை. கம்ப்யூட்டர் வேலை என்றால் நம் ஆட்கள் பெங்களூரையும் கோயம்புத்தூர் டைடல் பார்க்கையும் நினைக்கிறார்கள். நம் ஊரில் என்ன வேலை இருக்கிறது என்று பனியன் வியாபாரம் நடக்கிற காதர்பேட்டையில் நின்று பாருங்கள். எம்பிராய்டரி யூனிட்டில் பஞ்சிங் போடுகிற ஆள் இல்லை. ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் தையலாக மாற்ற வேண்டும், எந்தப் பக்கமாக ஓட வேண்டும், எவ்வளவு நெருக்கம், எங்கே நூலை வெட்ட வேண்டும், எல்லாம் அதில்தான் இருக்கிறது. துணி வெட்டுகிற வடிவத்தையும் (பேட்டர்ன்), அதைத் துணியில் நெருக்கி அடுக்குகிற வரைபடத்தையும் (மார்க்கர்) கம்ப்யூட்டரில் போடுகிற கேட் (CAD) வேலைக்கு ஆள் இல்லை. மார்க்கரில் ரெண்டு இஞ்ச் மிச்சம் பிடிக்கிறவன் லோடு லோடாகத் துணியை மிச்சம் பிடிக்கிறான். கணக்கு எழுதுகிற டேலி, ஜிஎஸ்டி, சரக்கு அனுப்புகிறதற்கான ஈ-வே பில் எல்லாம் போட ஆள் தேடிக்கொண்டே இருக்கிறோம். கோயம்புத்தூர் போனால், கம்ப்யூட்டர் சொல்கிறபடி இரும்பைக் கடைகிற சிஎன்சி, விஎம்சி மெஷின்கள். இதுவெல்லாம் டெக்னாலஜி இல்லாமல் வேறென்ன?

நியூயார்க்கில், புரூக்ளினில், 2011இல் ஐபிஎம் கம்பெனி அந்த ஊர்ப் பள்ளிக்கல்வியோடும் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து ஒரு பள்ளி தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பில் சேருகிற பிள்ளை ஆறு வருஷத்தில் பள்ளிப் படிப்பையும் ரெண்டு வருஷக் காலேஜ் பட்டத்தையும் சேர்த்து முடித்து வெளியே வரலாம், காசு கிடையாது. கம்பெனி ஆட்களே வழிகாட்டி. நல்ல ஏற்பாடுதான், ஆனால் அமெரிக்கா வரைக்கும் போக வேண்டுமா? கோயம்புத்தூர் பக்கம் கலங்கலில் பிறந்த விஞ்ஞானி ஜி.டி. நாயுடு பள்ளிக்கூடம் பிடிக்காமல் ஓடியவர். ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்து, அதை வாங்க ஹோட்டலில் வேலை செய்தவர். அவர் 1945இல் கோயம்புத்தூரில் தொழிற்கல்விக்கூடம் தொடங்கினார். அதையொட்டி வந்த காலேஜ்தான் இன்றைக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இத்தனை வருஷம் எதற்கு உட்கார வைக்கிறீர்கள், சீக்கிரம் சொல்லிக் கொடுத்துப் பட்டறைக்கு அனுப்புங்கள் என்று சண்டை போட்ட மனுஷன் அவர். ஆடிப்பட்டம் தேடி விதை என்பதை அவர் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் கம்மி.

இப்போது நான் எதற்கு வந்தேனோ அதற்கு வருகிறேன், தலைமை ஆசிரியர் அம்மா சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். இந்தப் பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. இருபது கம்ப்யூட்டர், நெட் கனெக்‌ஷன், ஏசி. நாலரை மணிக்குப் பூட்டு. கம்பெனிக்குப் போகிற பையன் காலை எட்டரைக்குப் போனால், ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வருகிறான். அவனுக்கு அந்த லேப் எப்போது திறந்திருக்கும்? ஞாயிற்றுக்கிழமையும் பூட்டு. அவன் காசிலும் சேர்த்துத்தான் அந்தக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் இரவு எட்டே முக்காலிலிருந்து பத்து வரைக்கும், ஞாயிறு காலை பத்திலிருந்து ஒரு மணி வரைக்கும் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்கிறோம். பாதுகாப்புக்கு யார் பொறுப்பு என்றார்கள். வாட்ச்மேன் சம்பளம் சங்கம் கொடுக்கும். கரண்ட் பில் என்றார்கள். தனி மீட்டர் வையுங்கள், சுற்றுச்சுவர் கட்டின அண்ணன் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். (அண்ணா, மேடையில் சொல்லிவிட்டேன், இனி மாற முடியாது.) மவுஸ் உடைந்தால் என்ன செய்வது என்றுகூடக் கேட்டார்கள். மவுஸ் உடையட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். பஞ்சிங் சொல்லிக் கொடுக்க நான் வருகிறேன். டேலிக்கு ரெண்டு தங்கச்சிகள் தயார், இதே பள்ளியில் படித்தவர்கள்.

பொம்பளைப் பிள்ளைகளைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். பத்தாவது முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கிற வீடு தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் பண்ணுங்கள், இப்போதைக்கு அதுதான். இரவு லேப்புக்கு அவர்கள் வர முடியாது, அதற்காகத்தான் ஞாயிறு காலை. நாலாவது விஷயத்தை ஏற்றுமதியாளர் அண்ணன் பேசுவார், அவர் பேசினால்தான் கம்பெனிக்காரர்கள் கேட்பார்கள்.

செயலாளர் துண்டுச்சீட்டு கொடுத்துவிட்டார், முடிக்கிறேன். வாசலில் மேஜை போட்டு மனு வைத்திருக்கிறோம். பேரும் கையெழுத்தும் போதும், ஆதார் நகல் எல்லாம் வேண்டாம். போண்டா சாப்பிட்ட கையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், போன தடவை பாதி மனு எண்ணெய். கவுன்சிலர் அக்கா கையில் இன்றைக்கு ராத்திரியே கொடுத்துவிடுவோம். மண்டலத் தலைவர் கிளம்புகிறதற்குள் அவருக்கும் ஒரு நகல். மே மாதம் ரிசல்ட் வருகிறதற்குள் லேப் சாவி சங்கத்துக்கு வந்தாக வேண்டும். வீடு வீடாகப் போக வண்டி வைத்திருக்கிறவர்கள் பி.டி. வாத்தியாரிடம் பேர் கொடுங்கள், அவர் கட்டிலுக்கு அடியிலும் பார்ப்பார். நன்றி, வணக்கமுங்க.