அந்த எண்ணை அவளிடம் சொல்லுங்கள்
(கர்ப்பகாலப் பரிசோதனை குறித்து மகளிர் நல விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மகப்பேறு மருத்துவத்துக்கே தன் வாழ்நாளை ஒப்படைத்துவிட்டு இந்த மேடையில் ஓர் ஓரமாக அமர்ந்திருக்கும் மூத்த மருத்துவர் அம்மையார் அவர்களே, செவிலியர் கல்லூரி முதல்வர் அவர்களே, என்னை அன்போடு அழைத்த விழாக் குழுச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கர்ப்பிணித் தாய்மார்களே, அவர்களோடு வந்திருக்கும் கணவன்மார்களே, அம்மாக்களே, மாமியார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பேச்சைத் தொடங்கும் முன் இரண்டு பேருக்கு நன்றி சொல்ல வேண்டும். தலைவர் அவர்கள் ஆயிரம் அலுவல்களுக்கு நடுவில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். கர்ப்பிணிகளுக்கு முதல் இரண்டு வரிசை நாற்காலிகளை ஒதுக்கச் சொன்னவரும் அவர்தான். மூத்த மருத்துவர் அம்மையாரைப் பற்றி நான் என்ன சொல்ல? நான் பிரசவ வார்டில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், நோயாளியின் கையைப் பிடிக்கும் முன் அவள் முகத்தைப் பார் என்று கற்றுக்கொடுத்தவர் அவர். இன்று அவர் முன்னால் பேச வாய்த்தது என் பேறு.

மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். எந்தப் பரிசோதனை, எந்த வாரத்தில், எதற்கு என்பது முதலாவது. ஸ்கிரீனிங் முடிவைப் பார்த்து ஏன் கலங்கக் கூடாது என்பது இரண்டாவது. தகப்பனுக்கும் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனை மூன்றாவது.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள் பெரியவர்கள். கர்ப்பகாலப் பரிசோதனை முழுவதும் இந்த ஒரு பழமொழிக்குள் அடக்கம்.

உலக சுகாதார நிறுவனம் 2016ல் ஓர் அட்டவணை தந்தது. கர்ப்பிணி குறைந்தது 8 முறை மருத்துவரையோ செவிலியரையோ பார்க்க வேண்டும். முதல் வருகை 12 வாரத்துக்குள். பிறகு 20, 26, 30, 34, 36, 38, 40ஆம் வாரங்களில். இதைக் கொஞ்சம் கவனியுங்கள். 8 வருகைகளில் 5 வருகைகள் 30ஆம் வாரத்திலும் அதற்குப் பிறகும் வருகின்றன. ஏன் கடைசியில் இப்படி நெருக்கிப் போட்டார்கள்? அந்தக் கேள்விக்குத்தான் கொஞ்ச நேரத்தில் வரப்போகிறேன்.

முதல் வருகையில் ரத்த வகை, ஆர்எச் பிரிவு, ஹீமோகுளோபின், சிறுநீரில் தொற்று, எச்ஐவி, சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி எல்லாம் பார்ப்பார்கள். எனக்கு எதற்கு எச்ஐவி டெஸ்ட் என்று சில பெண்களுக்குக் கோபம் வரும். தாயே, அது உன் நடத்தையைப் பற்றிய கேள்வி இல்லை, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் செய்வது. சிபிலிஸ் இருந்தால் பென்சிலின் ஊசி குழந்தையைக் காக்கும். ஹெபடைடிஸ் பி இருந்தால் குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டாக வேண்டும். தாய்க்கு ஆர்எச் நெகட்டிவ், குழந்தைக்கு பாசிட்டிவ் என்றால் அடுத்த பிள்ளைக்கு ஆபத்து வரலாம். அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசி 1968ல்தான் புழக்கத்துக்கு வந்தது. 28ஆம் வாரத்தில் ஒன்று, பிரசவமாகி 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. அதற்கு முன்பு எத்தனை வீடுகளில் காரணம் தெரியாமலே இரண்டாவது, மூன்றாவது பிள்ளையைப் பறிகொடுத்தார்கள்!

சர்க்கரைக்கான பரிசோதனை 24 முதல் 28 வாரத்துக்குள். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். வெறும் வயிற்றில் 92, ஒரு மணி நேரத்தில் 180, இரண்டு மணி நேரத்தில் 153. இவற்றில் ஒன்றைத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான்.

இரண்டாவது செய்தி. 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை என்டி ஸ்கேன் எடுப்பார்கள். டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் குறைபாட்டுக்கு வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்க, குழந்தையின் பிடரியில் தோலுக்கு அடியில் உள்ள நீரின் அளவைப் பார்ப்பார்கள். அதோடு ரத்தப் பரிசோதனையும் சேரும். சிலருக்கு முடிவு தாளில் '250ல் 1, ஹை ரிஸ்க்' என்று வரும். அதைப் படித்த அன்று இரவு அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை. 250ல் 1 என்றால் இதே முடிவு வந்த 250 பெண்களில் 249 பேரின் குழந்தைக்கு அந்தக் குறைபாடு இல்லை என்றுதான் பொருள். ஸ்கிரீனிங் என்பது யாரை இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று சொல்வது. அதற்குத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கிடையாது. ஹாங்காங்கின் டென்னிஸ் லோ 1997ல், தாயின் ரத்தத்திலேயே கருவின் டிஎன்ஏ ஓடுகிறது என்று காட்டினார். அதிலிருந்து பிறந்த புதிய ரத்தப் பரிசோதனை மிகத் துல்லியமானதுதான், ஆனாலும் அதுவும் ஸ்கிரீனிங்தான். உறுதி செய்ய நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரையோ எடுத்துப் பார்க்க வேண்டும். வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவள் அந்தத் தாய். விளக்கிச் சொல்வது நம் கடமை.

ஸ்கேன் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவர் குழுவினரும் 1958ல் ஒலி அலையால் வயிற்றுக்குள் பார்த்த படங்களை வெளியிட்டார்கள். அந்த விஞ்ஞானத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்க்க 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேனைத் தவறவிடவே கூடாது. ஆனால் கர்ப்பிணி வீடு திரும்பியதும் குடும்பம் என்ன கேட்கிறது? "ஸ்கேன் எடுத்தாச்சா? குழந்தை எப்படி இருக்கு?" பிபி, அதாவது ரத்த அழுத்தம், எவ்வளவு என்று கேட்கும் வீட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கையில் பட்டை சுற்றி அளக்கும் முறையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896ல் தந்தார். ஸ்டெதாஸ்கோப்பில் ஓசை கேட்டு இரண்டு எண்ணையும் பிடிப்பதை ரஷ்யாவின் கொரோட்கோவ் 1905ல் கண்டார். நூறு ஆண்டு தாண்டிய இந்தக் கருவிதான் 20 வாரத்துக்குப் பிறகு வரும் ப்ரீ-எக்லாம்ப்சியாவை, அதாவது ரத்த அழுத்தம் ஏறித் தாயையும் குழந்தையையும் பாதிக்கும் நோயை, முதலில் பிடிக்கிறது. உலகில் நூறு கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை அது வருகிறது. முற்றினால் வலிப்பு, பக்கவாதம், கல்லீரல் பாதிப்பு, குழந்தைக்கு மூச்சுத் திணறல். அது பெரும்பாலும் கடைசி மாதங்களில் தலைகாட்டும். வருகைகளை அங்கே நெருக்கிப் போட்டதற்கு அது ஒரு பெரிய காரணம். வெள்ளம் வருமுன் அணை போடு என்றால், வெள்ளம் எந்த மாதத்தில் வரும் என்று தெரிந்து வைத்திருக்கவும் வேண்டும் அல்லவா?

ஒரு மாமியாரைப் பற்றிச் சொல்கிறேன். மாமியார்கள் எல்லாம் நிமிர்ந்து உட்காருங்கள், இது உங்கள் பெருமை.

மருமகளுக்குத் தலைப்பிரசவம். ஒவ்வொரு முறையும் கூடவே வருவார் அந்த அம்மா. எழுதப் படிக்கத் தெரியாது. நான் மருமகளின் கையிலிருந்து பட்டையைக் கழற்றும்போதே, "எவ்வளவு, கண்ணு?" என்பார். "110க்கு 70ம்மா." அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்வார். அடுத்த தடவை நான் அட்டையைத் திறக்கும் முன்பே போன தடவை எண்ணைச் சொல்லிவிடுவார். எங்கள் வார்டில் அவருக்குக் 'கணக்கு அம்மா' என்றே பெயர்.

33ஆம் வாரம். வெளியூரில் உறவினர் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மருமகளுக்குத் தலைவலி. பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பிபி பார்த்தார்கள். "நார்மல், போகலாம்."

"எவ்வளவும்மா?"

"நார்மல்தாங்க."

"நார்மல்னு ஒரு எண்ணு இருக்கா? எண்ணைச் சொல்லுங்க."

சலித்துக்கொண்டே சொன்னார்கள், 138க்கு 88. 140 தாண்டினால்தான் கவலை என்றும் சொல்லி அனுப்பினார்கள். அந்த அம்மா வாசலில் நின்று கணக்குப் போட்டிருக்கிறார். உறவினர் வீட்டுக்குத் திரும்பவில்லை. மகனுக்குப் போன் போட்டு வண்டி வரவழைத்து, நேராக எங்களிடம் வந்து இறங்கினார். உள்ளே நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "சிஸ்டர், 28 ஏறியிருக்கு" என்றார்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. போன தடவை 110, இப்போது 138, அதைத்தான் சொல்கிறார். மருமகளைப் பார்த்தேன். முகம் உப்பியிருந்தது, விரலில் மோதிரம் இறுகியிருந்தது. "அக்கா, கண்ணு முன்னால என்னமோ மின்னுது" என்றாள். அளந்தேன். 164க்கு 110. சிறுநீர்ப் பட்டையில் புரதம் மூன்று பிளஸ். டாக்டரம்மா ஓடி வந்தார். வலிப்பைத் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஏறியது, பிபிக்கு மருந்து, குழந்தையின் நுரையீரலுக்கு ஸ்டீராய்டு ஊசி. இரண்டாம் நாள் அறுவை சிகிச்சை. சின்னஞ்சிறு பெண் குழந்தை. சில வாரம் இன்குபேட்டரில் இருந்துவிட்டு வீட்டுக்குப் போனது. தாயும் நலம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அணை போட்டார் ஐயா! அவர் கையில் இருந்தது ஓர் எண், அவ்வளவுதான்.

அதனால்தான் போகிற மேடையெல்லாம் ஒன்றையே கேட்கிறேன். அந்த எண்ணை அவளிடம் சொல்லுங்கள். செவிலியர் கல்லூரி மாணவியர் இங்கே இருக்கிறீர்கள். வந்ததும் வராததுமாக அளக்காதீர்கள். 5 நிமிடம் உட்கார வையுங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் இருக்கட்டும், கை இதய மட்டத்தில் இருக்கட்டும். சட்டைக் கையின் மேல் பட்டை சுற்றாதீர்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை சுற்றினால் எண் பொய்யாக ஏறும். அளந்ததும் இரண்டு எண்ணையும் வாய்விட்டுச் சொல்லி, அட்டையில் எழுதி, அவளைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். 'நார்மல்' என்று எழுதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

தாய்மார்களே, 140க்கு 90 என்றால் அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். 160க்கு 110 என்றால் நொடியும் தாமதிக்கக் கூடாது. தீராத தலைவலி, பார்வையில் மின்னல், மேல்வயிற்றில் வலி, திடீரென்று முகம் வீங்குதல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த வருகை வரை காத்திருக்காதீர்கள். எண் சரியாக இருந்தாலும் போங்கள். பிரசவமான பிறகும் சில வாரங்கள் இந்த ஆபத்து உண்டு. முந்தைய கர்ப்பத்தில் இந்த நோய் வந்தவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் முதல் வருகையிலேயே அதைச் சொல்லுங்கள். 12 வாரத்துக்குப் பிறகு சிறிய அளவு ஆஸ்பிரினை மருத்துவரே எழுதித் தரக்கூடும். வெள்ளம் வருமுன் அணை போட இதுவும் ஒரு வழி.

தகப்பன்மார்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. தலசீமியா என்பது பரம்பரையாக வரும் ரத்த நோய்; தனக்கு நோய் இல்லாமல் அதன் மரபணுவைச் சுமப்பவர் கேரியர். மனைவிக்குத் தலசீமியா கேரியர் என்று வந்தால் உங்கள் ரத்தத்தையும் உடனே பரிசோதனைக்குக் கொடுங்கள். இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அதை மூத்த மருத்துவர் அம்மையார் என்னைவிட நன்றாக விளக்குவார்.

தலைவர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாலையில் வாசிக்கப்போகும் தீர்மானங்களில், பிபியின் எண்ணைத் தாயிடம் சொல்வதும் அட்டையில் எழுதுவதும் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அரங்கின் பின்பக்கம் மாணவியர் கருவியோடு மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கர்ப்பிணிகள் சாப்பிடப் போகும் முன் அங்கே போய் உட்காருங்கள், எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கூட வந்தவர்களும் அதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.