சிட்டுவின் இடது கால்

நேயர்களுக்கு வணக்கம். நாய்களைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. இங்கே டர்பனில் 30 வருஷம் குழந்தைகளுக்கு பிசியோதெரபி செய்து ஓய்வு பெற்றவள். போன வருஷம் எங்கள் வீட்டு நாய்க்கு இடுப்பில் அறுவை சிகிச்சை செய்யலாமா வேண்டாமா என்று ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. அதில் ஆறு வாரத்தை நான் வீணாக்கினேன். உங்களில் ஒருவருக்காவது அந்த ஆறு வாரம் மிச்சமாகட்டும் என்றுதான் வந்திருக்கிறேன்.

சிட்டு ஒரு யார்க்‌ஷயர் டெரியர். அப்போது ஏழு மாதம், இரண்டரைக் கிலோ. டர்பனில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியின் வீடுகள் மேட்டிலும் பள்ளத்திலும் இருப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வாசலுக்கு ரோட்டிலிருந்து 14 படி ஏற வேண்டும். மதில்மேல் குரங்கு வந்து உட்கார்ந்தால் சிட்டுதான் முதலில் பாய்ந்து போவான். ஒரு நாள் குரங்கு வந்தது, மாங்காயைப் பறித்தது, தின்றுவிட்டுப் போனது. இவன் மிதியடியில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தான். பயல் வளர்ந்துவிட்டான், சமர்த்தாகிவிட்டான் என்று நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு சங்கடப்படுகிறது. நாய் வலிக்கிறது என்று அழாது. சும்மா இருக்கும்.

அப்புறம் படி ஏறும்போது இடது பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஏற ஆரம்பித்தான். முதலில் காட்டிய மருத்துவர் முழங்காலை மட்டும் அசைத்துப் பார்த்து, சில்லு விலகுகிறது என்றார். சின்ன நாய்களுக்கு அது அடிக்கடி வருவதுதான், அதனால் நாங்களும் நம்பினோம். வலி மாத்திரை கொடுத்தார். மாத்திரை இருக்கும்வரை நடந்தான், நிறுத்தினால் நொண்டினான். இப்படியே மூன்று சுற்று.

ஆறாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைகளுக்குச் செய்கிற மாதிரியே அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கை வைத்துப் பார்த்தேன். இடது தொடை தொளதொளவென்று இருந்தது. தையல் டேப்பை எடுத்துச் சுற்றினேன். வலது தொடை 14 சென்டிமீட்டர், இடது 12. காலை மெதுவாகப் பின்பக்கம் நீட்டினேன். சட்டென்று தலையைத் திருப்பி என் மணிக்கட்டை வாயில் கவ்வினான். கடிக்கவில்லை. பல் பதியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நான் காலை விட்டதும் அவனும் விட்டான்.

வேறொரு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். வலது பக்கம் தொடை எலும்பின் தலை பட்டாணி போல உருண்டையாக இருந்தது. இடது பக்கம், ஈரத்தில் கிடந்த வெல்லக்கட்டி போல ஓரமெல்லாம் கரைந்து, மேல்பகுதி அமுங்கிக் கிடந்தது. நோயின் பெயரைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லெக்-கால்வே-பெர்தஸ். நான் வார்டில் வருஷக்கணக்காகப் பார்த்த நோய்!

1910-ல் அமெரிக்காவின் லெக், பிரான்சின் கால்வே, ஜெர்மனியின் பெர்தஸ் ஆகிய மூன்று மருத்துவர்கள் தனித்தனியாகக் குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். அதனால்தான் மூன்று பெயர். தொடை எலும்பின் தலைக்குப் போகிற ரத்தம் குறைந்து எலும்பு செத்துப்போகிறது. செத்த எலும்புமேல் உடம்பின் பாரம் விழ விழ, அது நொறுங்கி உருவம் மாறுகிறது. குழந்தைகளில் பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு வயதுக்குள் வரும். நாய்களில் சின்ன இனங்களுக்கு, அதுவும் ஒரு வயது முடிவதற்குள்ளேயே வரும். பெரிய நாய்களுக்கு இடுப்புக்குழி தளர்ந்து வருகிற கோளாறு வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

குழந்தைக்கு அந்த எலும்பைக் காப்பாற்றத்தான் பாடுபடுவோம். சில வருஷத்தில் எலும்பு தானாகத் திரும்ப வளரும், அதுவரை பந்து போன்ற அந்தத் தலை, கிண்ணம் போன்ற இடுப்புக்குழியைவிட்டு நழுவாமல் பார்த்துக்கொள்வோம். நாய் நம் கையில் வரும்போது பந்து பெரும்பாலும் நொறுங்கியிருக்கும். அதனால் தொடை எலும்பின் அந்தத் தலையையும் அதை ஒட்டிய எலும்புக் கழுத்தையும் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். இதைக் கேட்டபோது எனக்கு ஏற்கவே முடியவில்லை. மூட்டையே எடுத்துவிட்டால் எதை வைத்து நடப்பான்? மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். சுற்றியுள்ள தசையும் புதிதாக வளரும் நார்த்திசுவும் சேர்ந்து ஒரு பொய் மூட்டாக நின்றுவிடும். எடை குறைந்த உடம்பை அது நன்றாகவே தாங்கும். கால் ஒரு துளி குட்டையாகும், நடையில் சின்ன வித்தியாசம் தெரியலாம். ஆனால் எலும்போடு எலும்பு உரசுகிற வலி போய்விடும்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. புரட்டாசி முடியட்டும், இந்த மாதத்தில் கத்தி வைக்க வேண்டாம் என்றார்கள் மாமியார். இத்தனை சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்று என் கணவருக்குப் பயம். செயற்கை மூட்டு வைக்கலாமே என்றான் மகன். சின்ன நாய்க்கும் அது உண்டு, ஆனால் அதற்கென்று பயின்ற சிறப்பு மருத்துவர் வேண்டும், செலவும் பல மடங்கு. நம் தென்னாப்பிரிக்காவுக்கே ஒரே கால்நடை மருத்துவப் பீடம் பிரிட்டோரியா பக்கம் ஒண்டர்ஸ்டெபோர்ட்டில் 1920-லிருந்து இருக்கிறது. இங்கிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இரண்டரைக் கிலோ சிட்டுவுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

நாங்கள் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: அறுத்தால் பழையபடி நடப்பானா? மருத்துவர் எங்களைத் திருப்பிக் கேட்டார்: இன்றைக்கு அவனுக்கு வலிக்கிறதா இல்லையா? என் மணிக்கட்டைக் கவ்விய அந்த வாய் ஞாபகம் வந்தது. மாமியாரிடம் அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, மாரியம்மனுக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டுப் போ என்றார்கள். புரட்டாசியிலேயே செய்தோம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் நாய்க் காப்பீட்டில் இது போன்ற பரம்பரை நோய்க்கு இடமில்லை என்பது கேட்கப் போனபோதுதான் தெரிந்தது. உங்களிடம் இருப்பதை இப்போதே எடுத்துப் படித்துவிடுங்கள். செலவுக்குப் பயந்து நாம் சாப்பிடும் வலி மாத்திரையைக் கொடுத்துப் பார்க்காதீர்கள். இபுபுரோஃபென் நாயின் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அறுவைக்குப் பிறகு இருக்கிற வேலையைத்தான் யாரும் சொல்வதில்லை. எலும்பு முறிந்தால் அசையாமல் வைப்போம் அல்லவா, இது நேர்மாறு. அசைத்தால்தான் பொய் மூட்டு இளக்கமாக அமையும், அசைக்காமல் விட்டால் இறுகிவிடும். மூன்றாம் நாள், மருத்துவர் சரி என்ற பிறகு, வலி மருந்து வேலை செய்கிற நேரம் பார்த்து ஆரம்பித்தேன். முழங்காலுக்கு மேலே உள்ளங்கையால் தாங்கி, முன்னே மடக்கு, பின்னே நீட்டு. பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. நாங்கள் காத்திருந்த ஆறு வாரத்தில் கரைந்த தசைக்கு இங்கேதான் விலை கொடுத்தோம். மெலிந்த தொடையை எழுப்புவது சுலபமில்லை. ஒன்பதாம் நாள் விரல் நுனி தரையைத் தொட்டது. தையல் பிரித்து, காயம் ஆறியபின் குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கொடுத்து நீந்தவிட்டோம். இரண்டு மாதத்தில் நான்கு காலும் ஊன்றினான். படி மட்டும் நாங்களே தூக்கிப் போனோம்.

இன்னொன்று. இந்த நோய் குட்டியின் தாய் தகப்பன் இரண்டு பக்கமிருந்தும் வரக்கூடும், அவை இரண்டும் நன்றாக ஓடியாடினாலும்கூட. குட்டி விற்றவருக்குப் போன் போட்டு விவரம் சொன்னேன், அந்த ஜோடியை இனிமேல் சேர்க்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். மறுநாள் எக்ஸ்ரே படத்தை அனுப்பினேன். சிட்டுவுக்கும் கருத்தடை செய்துவிட்டோம்.

ஞாயிறுதோறும் இன்னும் அளக்கிறேன். போன வாரம் இடது தொடை பதின்மூன்றரை. டேப் இருக்கும் மேஜை இழுப்பறையைத் திறக்கிற சத்தம் கேட்டாலே வந்து, இடது கால் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்துக்கொள்கிறான்.