மின்சாரம் திரும்பிய பிறகு வீட்டு சர்வரில் என்ன நடக்கிறது?

[திரையில்: தொலைக்காட்சி மேசைக்கு அடியில் ரவுட்டர், ஒரு ராஸ்பெர்ரி பை 4, அதனுடன் இணைந்த யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்]

வணக்கம். ராஸ்பெர்ரி பை என்னும் இந்தச் சிறிய கணினிதான் எங்கள் வீட்டு சர்வர். குடும்பத்தினர் எடுக்கும் படங்கள் என் மேசைக் கணினியில் சேர்கின்றன. இரவு 10 மணிக்கு ஆர்சிங்க் என்னும் கருவி அவற்றை இந்த ஹார்ட் டிஸ்கில் நகலெடுக்கிறது. ஒருமுறை பதினொரு இரவுகள் தொடர்ந்து நகலெடுத்து, ஒவ்வொரு முறையும் "வெற்றி" என்று லாகில், அதாவது தன் வேலைப் பதிவில், எழுதி வைத்தது. டிஸ்கைத் திறந்து பார்த்தபோது அந்தப் பதினொரு நாள் படங்களில் ஒன்றுகூட அதில் இல்லை.

[திரையில்: சுவரில் இரண்டு பிளக் பாயிண்ட்டுகள், ஒன்றில் மட்டும் "இன்வெர்ட்டர்" என்ற ஒட்டுத்தாள்]

பை இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. டிஸ்கின் தனி அடாப்டரை நான் சாதாரண லைனில் செருகியிருந்தேன். மின்சாரம் போனபோது இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கண நேர இடைவெளியில் பை அணைந்து மறுபடி எழுந்தது. டிஸ்க் அணைந்தே கிடந்தது. மின்சாரம் திரும்பி டிஸ்க் சுழலத் தொடங்கிய நேரத்தில், அதைத் தேடிக் காத்திருந்த பை ஏற்கெனவே கைவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருந்தது.

பையில் ஓடும் இயங்குதளமான லினக்ஸில் டிஸ்கை மவுண்ட் செய்வது என்றால், அந்த இயங்குதளம் இருக்கும் எஸ்டி கார்டில் உள்ள ஒரு காலி ஃபோல்டரின் மேல் டிஸ்கைப் பொருத்துவது என்று பொருள். பொருத்தப்பட்டிருக்கும் வரை அந்த ஃபோல்டரில் எழுதுவதெல்லாம் டிஸ்கில் சேரும். பொருத்தப்படாவிட்டாலும் ஃபோல்டர் அங்கேதான் இருக்கும் என்பதால், எழுதுவதெல்லாம் சத்தமில்லாமல் எஸ்டி கார்டில் போய் விழும். ஆர்சிங்கைக் குறை சொல்ல முடியாது; சொன்ன ஃபோல்டரில் சொன்னபடி எழுதியது. முதல் இரவில் மட்டும், ஃபோல்டர் காலியாக இருந்ததால் பழைய படங்களையும் சேர்த்து நகலெடுத்து, வழக்கமாக இரண்டு நிமிடத்தில் முடியும் வேலை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியதாக லாகில் இருந்தது. "வெற்றி" என்று முடியும் லாகை யார் படிக்கிறார்கள்?

பன்னிரண்டாம் நாள் காலையில் 32 ஜிபி கார்டு நிரம்பி, எல்லாச் சேவைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன.

[திரையில்: டெர்மினல், கார்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கமாண்ட் 100 சதவீதம் என்று காட்டுகிறது]

இங்கேதான் நான் அரை நாளைத் தொலைத்தேன். டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை என்று கண்டதும் உடனே மவுண்ட் செய்தேன். ஆனால் கார்டு நிரம்பியிருப்பதாகவே டிஎஃப் காட்டியது. கார்டில் உள்ள ஃபோல்டர்களை டியு கமாண்டால் கூட்டிப் பார்த்தாலோ 6 ஜிபிகூடத் தேறவில்லை. கார்டில் விழுந்த படங்களின் மேல் டிஸ்கை நானே பொருத்தி மூடிவிட்டதுதான் காரணம். கார்டின் எல்லா ஃபோல்டர்களுக்கும் மேலே இருக்கும் ரூட் ஃபோல்டரை வேறோர் இடத்தில் பைண்ட் மவுண்ட் செய்து, அதாவது அங்கேயும் தெரிய வைத்துப் பார்த்தால், மூடிய படங்கள் அப்படியே தெரியும், அங்கிருந்து அழித்துவிடலாம்.

இனி, இது திரும்ப நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

டிஸ்கை எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயரால் குறிக்காமல் அதன் யுயுஐடி என்னும் தனி அடையாள எண்ணால், எந்த டிஸ்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் குறியுங்கள். இரண்டு டிஸ்க் இருந்தால் அந்தப் பெயர்கள் இடம் மாறக்கூடும். அடுத்து வருவது நோஃபெயில் என்ற சொல். அதை எழுதாவிட்டால், டிஸ்க் இல்லாத நேரத்தில் பை 90 நொடி காத்திருந்துவிட்டு அவசரநிலைக்குள் விழும். திரையும் விசைப்பலகையும் இல்லாத பெட்டிக்கு அது ஏறக்குறைய மரணம், வேறொரு கணினியிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகக்கூட உள்ளே போக முடியாது. எழுதினால் பை நிற்காமல் எழும், ஆனால் நான் பட்ட பாடு உங்களுக்கும் வரும். இரண்டில் நோஃபெயிலையே எழுதுங்கள் என்பேன். அதோடு காலி ஃபோல்டருக்கு ஒரு பூட்டும் போடுங்கள்.

[திரையில்: டிஸ்க் கழற்றப்படுகிறது, டெர்மினலில் சிஹெச்ஆட்டர் கமாண்ட் தட்டச்சாகிறது]

டிஸ்கைக் கழற்றிய நிலையில், சிஹெச்ஆட்டர் கமாண்டுக்குக் கூட்டல் குறியும் ஐ எழுத்தும் கொடுத்து அந்த ஃபோல்டரை மாற்ற முடியாததாக ஆக்கிவிடலாம். அதன் பிறகு முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரால்கூட அதில் ஒரு கோப்பை உருவாக்க முடியாது. டிஸ்கை அதன் மேல் பொருத்துவதற்கோ எந்தத் தடையும் இல்லை. கார்டில் இருப்பது இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை என்றால் இது அப்படியே வேலை செய்யும். கூடவே, இரவில் ஆர்சிங்கை ஓட்டும் பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுண்ட்பாயிண்ட் கமாண்டால் சோதித்து, டிஸ்க் இல்லையென்றால் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

கடிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பை 4இல் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. இணையம் கிடைத்து நேரம் சரியாகும் வரை லாகில் இருக்கும் நேரத்தை நம்பாதீர்கள்.

இன்வெர்ட்டரின் பின்புறம் யூபிஎஸ் மோட் என்ற ஸ்விட்ச் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். மாறும் இடைவெளி குறையும், பை அணையாமல் தப்பிக்க வாய்ப்பு உண்டு. டிஸ்கின் அடாப்டரையும் அதே லைனுக்கு மாற்றுங்கள். நான் இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

[திரையில்: டிஸ்கின் கேபிளைக் கை பிடுங்குகிறது; ஆர்சிங்க் நேரடியாக இயக்கப்படுகிறது]

இப்போது டிஸ்க் இல்லாமல், ஸ்கிரிப்டின் சோதனையையும் தாண்டி, ஆர்சிங்கை நேரடியாக ஓட்டிப் பார்க்கிறேன். அனுமதி இல்லை என்று சிணுங்கி, கார்டில் ஒரு பைட்கூட எழுதாமல் 23 என்ற எர்ரர் எண்ணோடு நின்றுவிட்டது.