எச்சிலை அனுப்பினால் ஏடிஎச்டி தெரியுமா?

வணக்கம். பொங்கோலில் இருக்கும் ஒரு தோழி கேட்டாள்: "அக்கா, எச்சிலை எடுத்து அனுப்பினால் அதிலுள்ள மரபணுவைப் பார்த்து, பையனுக்கு ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு) இருக்கிறதா என்று சொல்லிவிடுகிறார்களாமே, எடுக்கட்டுமா?" வேண்டாம், அந்தக் காசுக்குத் தேக்காவில் நல்ல மீனாக வாங்கிச் சமைத்துப் போடு என்றேன்.

மரபணுவுக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. பெரிய பங்கு உண்டு. இரட்டையர்களை வைத்துச் செய்த 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மரபுவழிப் பங்கு சராசரியாக 74 சதவீதம். சரி, அப்படியென்றால் எனக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 74 சதவீத வாய்ப்பா? இல்லை. ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் மரபணுவால் வருவது எவ்வளவு என்பதுதான் அந்தக் கணக்கு.

ஒரு காலத்தில் டிஆர்டி4 என்ற ஒரே மரபணுவைப் பற்றிப் பெரிதாகப் பேசினார்கள். தனியாக அது செய்வது சொற்பம். 2023இல் வந்த ஆய்வு, ஏடிஎச்டி உள்ள 38,691 பேரின் மரபணுக்களைப் பார்த்து, ஏடிஎச்டியோடு தொடர்புள்ள மாற்றங்கள் இருக்கும் 27 இடங்களைக் கண்டது. ஒவ்வொன்றும் வாய்ப்பைக் கூட்டுவது துளி அளவுதான். அதே மாற்றங்கள் ஏடிஎச்டி இல்லாத ஏராளமானவர்களிடமும் இருக்கின்றன. எச்சில் குப்பி என்னத்தைச் சொல்லும்?

எனக்குப் பிடித்தது ஆய்வுகளில் வைக்கும் ஒரு கணினிச் சோதனைதான். திரையில் அம்புக்குறி வரும். இடமா வலமா என்று பட்டனை அழுத்த வேண்டும். திடீரென்று "பீப்" கேட்டால் கையை நிறுத்திவிட வேண்டும். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகள் பலருக்கு அந்த நிறுத்தம்தான் சிரமம். இன்னொன்றும் உண்டு: ஒரு முறை சட்டென்று அழுத்துவார்கள், அடுத்த முறை ரொம்பத் தாமதம். சராசரி வேகத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிகிறது. "நேற்று மட்டும் ஒழுங்காகச் செய்தாயே!" என்று நாம் கத்துகிறோம் பாருங்கள், அது ஞாபகம் வருகிறது. ஆனால் இதை வைத்தும் முடிவு சொல்ல முடியாது. ராத்திரி தூங்காத பிள்ளையும் தடுமாறும். ஏடிஎச்டி உள்ள சிலர் நன்றாகவே செய்துவிடுவார்கள்.

அதனால் டாக்டர்கள் கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். 12 வயதுக்கு முன்பே தொடங்கியதா, ஆறு மாதமாவது நீடித்ததா, வீட்டிலும் பள்ளியிலும் அப்படித்தானா என்று. பள்ளிக் கவுன்சலரிடம் பேசுங்கள், இல்லாவிட்டால் பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். அப்புறம், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றும் கேட்பார்கள். "எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை" என்று மாமியார் சொன்னால், பையனுடைய அப்பாவின் பழைய ரிப்போர்ட் புக்கைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.