படப் புத்தகம் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது படங்களை அல்ல

நேயர்களுக்கு வணக்கம். பினாங்கின் ஜார்ஜ்டவுனிலிருந்து பேசுகிறேன். ஓவியம், புகைப்படம், வீட்டு உள்ளலங்காரம் ஆகியவற்றைப் பற்றிய கனத்த படப் புத்தகங்கள் சில என் மேசையில் இருக்கின்றன. பாதி, சௌராஸ்தா சந்தையின் மேல்தளத்துப் பழைய புத்தகக் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை. மீதி, நூறு ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்துப் புதிதாக வாங்கியவை. விலை எதுவானாலும், இப்படியொரு புத்தகத்தைக் கையில் எடுத்தவுடன் நடுப்பக்கத்தை விரித்து முதுகைத்தான் உற்றுப் பார்க்கிறேன்.

காரணத்தைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். இந்தப் புத்தகத்தின் தாள்கள் கட்டுக் கட்டாக மடிக்கப்பட்டு நூலால் தைக்கப்பட்டிருப்பதால், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏறக்குறைய தட்டையாகப் படிந்து நிற்கிறது. அடுத்தது வெறும் பசையால் ஒட்டப்பட்டது. இரு பக்கங்களில் பரவியுள்ள இந்தப் புகைப்படத்தின் மையத்தில் நிற்பவருடைய பாதி முகம் மடிப்புக்குள் போய்விட்டது. முழு முகத்தையும் பார்க்க விரும்பி அழுத்தினால் முதுகு பிளந்து தாள் கையோடு வந்துவிடும். பெரிதாகக் காட்டும் ஆசையில் படத்தையே பலி கொடுக்கும் இவ்வழக்கம் எனக்கு அறவே பிடிக்காது. சுற்றிலும் வெள்ளை விட்டு ஒரே பக்கத்தில் அடக்கிய சிறிய படமே மேல்.

அடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடி. இதன் வழியே பார்த்தால் வண்ணப்படம் முழுவதும் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் புள்ளிகளாகத் தெரியும். அவை சரியாகப் பொருந்தாத இடத்தில் உருவங்களின் ஓரத்தில் நிறம் கசிந்திருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சோதனை இன்னும் கடுமையானது, ஏனெனில் ஒரே கறுப்பு மையால் நிழலின் ஆழத்தையும் சாம்பலின் நுணுக்கத்தையும் ஒருசேரக் கொண்டுவருவது கடினம். அதனால்தான் நல்ல பதிப்பகங்கள் கறுப்போடு சாம்பல் மையும் சேர்த்து டுவோடோன் முறையில் அச்சிடுகின்றன. இங்கிலாந்தில் புகைப்படக்கலை முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் 1844 முதல் 1846 வரை ஆறு பகுதிகளாக வெளியிட்ட புத்தகத்தில் இந்தச் சிக்கலே எழவில்லை. அதன் 24 படங்களும் உண்மையான புகைப்படப் பிரதிகள். ஒவ்வொன்றும் கையால் ஒட்டப்பட்டது. ஆனால் அவற்றில் பல பின்னர் மங்கிப்போயின. நிலைத்திருக்கும் திறனில் அச்சு மை வென்றது என்றே சொல்வேன்.

ஓவியப் புத்தகத்தில் நான் தேடுவது, படத்தின் கீழே மூல ஓவியத்தின் அளவைக் குறித்திருக்கிறார்களா என்பதை. பினாங்கில் வாழ்ந்த சுவா தியன் தெங், மெழுகும் சாயமும் கொண்டு துணியில் ஓவியங்களை உருவாக்கி, உடைகளுக்குச் சாயமிடும் பத்தேக் முறையை 1950களில் ஓவியக்கலைக்கு உயர்த்திய முன்னோடி. மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து உண்டான மெல்லிய கோடுகளில்தான் அந்தக் கலையின் உயிர் இருக்கிறது; ஓவியத்தை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிவிட்டால் அவை மறைந்து, சாதாரண வண்ண ஓவியம்போல் ஆகிவிடும். ஒரு பகுதியையாவது பெரிதாக்கித் தராத புத்தகத்தை நான் வாங்குவதில்லை.

உள்ளலங்காரப் புத்தகங்களில்தான் ஏமாற்றம் அதிகம். குளிர்நாட்டு வீடுகளின் கம்பளங்களும் கணப்படுப்புகளும் கண்ணுக்கு இனியவை. நம் வெப்பத்திலும் ஈரத்திலும் அவற்றால் பயன் சொற்பம். நமக்கு உதவுவது, வீட்டின் தரைப்படத்தையும் குறுக்குவெட்டுப் படத்தையும் தருகிற புத்தகம். கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த நம் பழைய கடைவீடு குறுகலானது, நீளமானது. நடுவில் திறந்த முற்றம் இல்லையேல் உள்ளே வெளிச்சமும் காற்றும் இல்லை. செட்டிநாட்டு வீடுகளை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே லெய்த் தெருவிலுள்ள, சீன வணிகர் சியோங் ஃபாட் சேயின் மாளிகையைப் பாருங்கள்: 38 அறைகள், ஐந்து முற்றங்கள். அதன் புகழ்பெற்ற நீலத்தைப் புகைப்படக்காரர்கள் சலிக்காமல் எடுக்கிறார்கள். அந்த நீலம் அவுரிச் சாயம் கலந்த சுண்ணாம்புப் பூச்சு என்பதையும், சுண்ணாம்பு சுவரின் ஈரத்தை வெளியே விடும் என்பதையும் சொல்லும் புத்தகமே வீட்டைப் புதுப்பிப்பவருக்கு வழிகாட்டும்.

வாங்கியபின் பராமரிப்பு. படப் புத்தகங்களின் வழவழப்பான தாளில் கயோலின் போன்ற வெண்களிமண் பூசப்பட்டிருக்கும். நனைந்து அப்படியே காய்ந்தால் பக்கங்கள் கல்போல் ஒட்டிக்கொள்ளும். எனவே நனைந்தவுடன் பக்கங்களைப் பிரித்து விசிறியடியில் வையுங்கள். அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் சற்றுத் தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கும். மிகக் கனமானவற்றை நிற்கவைத்தால் உள்தாள்களின் பாரம் முதுகைக் கீழே இழுக்கும், ஆகவே படுக்கவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று நான்குக்கு மேல் அடுக்காதீர்கள். நாசி கண்டார் என்னும் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வரும் நண்பர்களிடம், கை கழுவினார்களா என்று கேட்ட பிறகே நான் புத்தகத்தை நீட்டுகிறேன். சிலர் கோபித்துக்கொள்கிறார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.