புறங்கையால் தொட்டுப் பார்த்த மனிதர்

நேயர்களுக்கு வணக்கம். ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரரான என் அப்பாவைப் பற்றிப் பேச அழைத்தார்கள். அவர் மொத்தம் எத்தனை உயிர்களைக் காப்பாற்றினார் என்றும் சொல்லச் சொன்னார்கள். அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. அப்பாவிடமும் இருந்ததில்லை. கேட்டால், "வண்டியில போனவங்க எல்லாரும் சேர்ந்து செஞ்ச வேலை. ஏணி பிடிச்சவனுக்கு எவ்வளவு, பம்ப் பார்த்தவனுக்கு எவ்வளவுன்னு எப்படிப் பிரிப்பே?" என்பார். அதனால் நான் வீட்டில் பார்த்த அப்பாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் தீ இருக்கிறதா என்று தீயணைப்பு வீரர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். புறங்கைத் தோல் மெல்லியது, சூடு சட்டென்று தெரியும். சுட்டுவிட்டாலும், ஏணியையும் குழாயையும் பிடிக்க உள்ளங்கை மிஞ்சும். சுவரில் இருக்கும் பிளக், சார்ஜர், இஸ்திரிப்பெட்டியின் வயர் எல்லாவற்றையும் அவர் தொடுவது புறங்கையால்தான். வெதுவெதுப்பாக இருந்தால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் அர்ச்சனை உண்டு.

எங்கள் வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு, தரையோடு தவழ்ந்து, வலது கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் வாசலுக்கு வந்து சேர வேண்டும். புகை நிறைந்த அறையில் திசை தெரியாது. சுவரை விட்டுவிட்டால் அறைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவோம். சூடான புகை மேலே ஏறுவதால் தரையை ஒட்டித்தான் மூச்சுவிடக் கொஞ்சம் காற்று இருக்கும். தீயில் சாகிறவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது புகை. சுடர் வந்து சேர்வதற்கு முன்பே கார்பன் மோனாக்சைடு மயக்கிவிடும். இதெல்லாம் தெரியாமலே நாங்கள் தவழ்ந்தோம். முதலில் வந்தவருக்குத் தலைக்கவசத்தைப் போட்டுக்கொள்ளும் உரிமை. என் தம்பி கள்ளத்தனமாகக் கட்டுக்குள் எட்டிப் பார்ப்பான். அப்பா அதைக் கண்டுபிடித்து மறுபடி ஆரம்பத்திலிருந்து தவழவிடுவார்.

இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் தூங்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். பயமாக இருக்கிறது, திறந்து வையுங்கள் என்று அழுதாலும் நடக்காது. சாத்திய கதவு புகையையும் வெப்பத்தையும் வெளியே நிறுத்தும். தீக்குக் காற்றும் கிடைக்காது. கூரையடியில் வெப்பம் 600 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறினால் அறையில் உள்ள அத்தனை பொருளும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர் பிழைப்பதில்லை. அந்த நிலை வருவதற்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களுக்காகத்தான் அப்பா எங்களோடு அவ்வளவு மல்லுக்கட்டினார்.

தான் அணைத்த தீயைப் பற்றி அவர் கதை சொன்னதே இல்லை. சொன்னதெல்லாம் வேறு ஊர்த் தீ. 1942 நவம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்ததை அடிக்கடி சொல்வார். முன்வாசலில் சுழல்கதவு. கூட்டம் முட்டியதில் அது அப்படியே சிக்கிக்கொண்டது. மற்றக் கதவுகளில் சில பூட்டியிருந்தன. உள்பக்கமாகத் திறக்கும் கதவைக் கூட்டத்தின் அழுத்தமே திறக்கவிடவில்லை. இந்தக் கதை மண்டையில் ஏறியிருந்ததால் எந்தத் திரையரங்குக்கும் அரங்கத்துக்கும் போனாலும் அப்பா முதலில் அவசர வழியைத்தான் பார்ப்பார். சங்கிலி போட்டிருந்தால் மேலாளரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்வார். படம் தொடங்கி அரைமணி ஆனாலும் வாக்குவாதம் ஓயாது. அம்மா எங்களை மட்டும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடுவார்.

அப்பா வேலை முடிந்து வரும்போது நாங்கள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளக் கூடாது. நேராகக் குளியலறைக்குத்தான் போவார். சீருடையை எங்கள் துணிகளோடு சேர்க்காமல் தனியே துவைப்பார். கரி படிந்த தலைக்கவசமும் அழுக்கு ஏறிய அங்கியும் அனுபவத்தின் அடையாளம் என்று கருதிய காலம் அது. கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்ததாக அம்மா சொல்வார். 2022-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, தீயணைப்புத் தொழிலையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தச் செய்தியைப் படித்துக் காட்டியபோது அப்பா, "துணியத் தனியா துவைச்சது சரிதான் போல" என்றார், அவ்வளவுதான். சிரித்தவர்களில் சிலர் அப்போது உயிரோடு இல்லை.

குளியல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை வைத்தே அன்றைய வேலை எப்படிப்பட்டது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தண்ணீர்ச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தால், அன்று தீயில் சிக்கியது குழந்தை என்று புரிந்துகொள்வார். எதுவும் கேட்கமாட்டார். எங்களைப் படிக்க உட்காரவைத்துவிட்டு, அப்பா வெளியே வந்ததும் உடைந்த நாற்காலியையோ ஒழுகும் குழாயையோ காட்டிச் சரிசெய்யச் சொல்வார். எங்கள் வீட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று ரிப்பேராகவே கிடந்ததன் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. இதற்கு விருது கொடுப்பதென்றால் பாதியை அம்மாவுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற பிறகும் கட்டிலடியில் காலணி வாசலைப் பார்த்தபடிதான் இருந்தது. சைரனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காது மந்தமாகிவிட்டது. சும்மா இருக்கப் பிடிக்காமல் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதே, அடுப்பை அணைத்துவிட்டு மூடியைப் போடு என்பார். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகும். ஆவியானால் 1,700 மடங்கு இடம் வேண்டும். எரிகிற எண்ணெயைத் தூக்கி முகத்தில் அடித்துவிடும். பிள்ளைகள் இதை வாய்பிளந்து கேட்பார்கள்.

ஆனால் அவர்கள் காத்திருந்தது கடைசிப் பாடத்துக்கு. உடையில் தீப்பிடித்தால் ஓடாதே: நில், படு, உருள். சொல்லிக் கொடுத்தால் போதாது என்று அவரே முகத்தைக் கையால் மூடிக்கொண்டு வகுப்பறைத் தரையில் படுத்து உருண்டு காட்டுவார். அந்த வயதில் எழுப்பிவிட இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். வெள்ளைச் சட்டை மண்ணாகி வீட்டுக்கு வந்ததும் அம்மா, "படம் வரைஞ்சு காட்டினா புரியாதா?" என்று சண்டை போட்டார். அடுத்த பள்ளிக்கு அப்பா காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போனார். நன்றி, வணக்கம்.